சிற்றூரில் நூலகமும் கற்றல் மையமும் அமைத்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கு

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நூலகம் இல்லாத குறை பெரும்பாலும் கட்டடம் இல்லாத குறையன்று. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், அன்றிருந்த 12,618 ஊராட்சிகளையும் ஆண்டுக்கு ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு, நூலகக் கட்டடங்களும் நூல்களும் வழங்கப்பட்டன. நோக்கம் உயர்ந்தது, பயன் பெற்ற ஊர்களும் உண்டு. ஆயினும் பல ஊர்களில் அக்கட்டடங்கள் சில ஆண்டுகளுக்குள் பூட்டப்பட்டு, உர மூட்டையும் பழைய நாற்காலியும் போட்டு வைக்கும் அறைகளாயின. நாள்தோறும் திறக்க ஓர் ஆள், அந்த ஆளுக்கு நிலையான ஊதியம், ஆண்டுதோறும் சில புதிய நூல்கள் ஆகிய மூன்றும் உறுதியாகாமல் சுவர் மட்டும் எழும்பியதே அதற்குக் காரணம்.

ஆகவே, உங்கள் ஊரில் நூலகமும் கற்றல் மையமும் அமைக்க விரும்பினால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஆள், அடுத்து நேரம், பிறகு நூல்கள், கட்டடம் கடைசியில். இக்கட்டுரை பெரும்பாலும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

ஊராட்சியில் மறுமலர்ச்சித் திட்ட நூலகக் கட்டடம் இருக்கிறதா, அருகில் பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகமோ கிளை நூலகமோ எவ்வளவு தொலைவில் இருக்கிறது, பள்ளி நூலகத்தில் உள்ள நூல்கள் பிள்ளைகளின் கைக்கு வருகின்றனவா என்பவற்றை முதலில் கேட்டறியுங்கள். பூட்டிக் கிடக்கும் ஓர் அறையை மீட்டெடுப்பது புதிதாகக் கட்டுவதைவிட எளிது, செலவும் குறைவு. மாவட்ட நூலக அலுவலரை ஒருமுறையேனும் நேரில் சந்தித்து, உங்கள் ஊருக்கு நூலகம் வர வாய்ப்பு உண்டா என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

அவ்வாறு கேட்பது சலுகை கோருவதாகாது. 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பின் இந்தியாவில் நூலகங்களுக்கென வந்த முதல் சட்டமாகும். அச்சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி வசூலிக்கப்பட்டு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செல்கிறது. உங்கள் வீட்டு வரி ரசீதில் அத்தொகை தனி வரியாகக் காட்டப்பட்டிருக்கும். கூரை வீட்டில் இருப்பவரும் நூலகத்துக்காகப் பணம் செலுத்தியவரே என்பதை மனுவில் எழுதத் தயங்க வேண்டாம்.

அரசு நூலகம் வரும்வரை காத்திருக்க இயலாது என்றால், அல்லது பிள்ளைகளுக்கு மாலை நேரக் கற்றலும் சேர்ந்து நடக்க வேண்டும் என்றால், ஊர்மக்களின் நூலகம் தேவைப்படுகிறது.

குழுவும் தீர்மானமும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவு செய்வதற்கு ஏழு பேர் போதும். அந்த ஏழு பேர் யார் என்பதில்தான் கவனம் வேண்டும். ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாகவோ, ஒரே கட்சிக்காரர்களாகவோ அமைந்துவிட்டால் அந்த நூலகம் பாதி ஊருக்கு முதல் நாளிலேயே அந்நியமாகிவிடும். ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் ஒருவர், குறைந்தது மூன்று பெண்கள், பணியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் என்று தேடிச் சேருங்கள். ஊராட்சித் தலைவரின் ஆதரவு அவசியம். ஆனால் அவரையே குழுத் தலைவராக்க வேண்டாம். தேர்தலில் தலைவர் மாறும்போது நூலகமும் முந்தையவரின் சொத்தாகக் கருதப்படும் நிலை பல ஊர்களில் நேர்ந்திருக்கிறது.

குழு அமைந்ததும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. வாய்மொழி ஒப்புதலோடு திரும்பிவிடாமல், இடம், நேரம், பொறுப்பு ஆகியவை எழுதப்பட்ட தீர்மானத்தின் நகலைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில்?

இதைவிட முக்கியமான முடிவு வேறில்லை என்பேன். பெரும்பாலான ஊர்களில் ஊர்த் தெருவும் காலனியும் தனித்தனியாக இருக்கின்றன. கோவிலை ஒட்டிய மண்டபத்தில் நூலகம் வைத்தால் காலனிப் பிள்ளைகள் வாசலோடு நின்றுவிடுவார்கள். காலனிக்குள் வைத்தால் ஊர்த் தெருவிலிருந்து ஒருவரும் வராமல் போகலாம். யாரும் யாரையும் தடுக்க வேண்டியதே இல்லை. இடமே அந்த வேலையைச் செய்துவிடும். இரு பக்கத்தாரும் நாள்தோறும் வந்து போகும் பொது இடங்களான பள்ளி, பால் சேகரிப்பு நிலையம், நியாயவிலைக் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் அருகில் ஓர் அறை கிடைக்குமானால், வாடகை சற்றுக் கூடுதலானாலும் அதையே தேர்ந்தெடுங்கள். அப்படி ஓர் இடம் கிடைக்கவே இல்லையென்றால் காலனியில் தொடங்குவதுதான் சரி என்பது என் கருத்து; வேறு வாய்ப்பே இல்லாத பிள்ளைகளுக்கு அது முதலில் போய்ச் சேரட்டும்.

அடுத்தது பெண் பிள்ளைகளின் வழி. ஏழு மணிக்கு மேல் ஒரு பெண் தனியாக நடந்து வீடு திரும்பக்கூடிய தெருவா, விளக்கு எரிகிறதா, வழியில் மதுக்கடை இருக்கிறதா என்பதை உங்கள் குழுவிலுள்ள பெண்கள் நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்தில் பத்தாம் வகுப்பு மாணவி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்க மாட்டாள்.

தொடக்கத்துக்கு 20 அடிக்கு 15 அடி அறை ஒன்று போதும். பாய் விரித்தால் இருபது பிள்ளைகள் வரை உட்காரலாம். மேசை நாற்காலி போட்டால் அதில் பாதிப் பேருக்குத்தான் இடமிருக்கும். பெரியவர்களுக்கென ஒரு நீள மேசையும் நான்கைந்து நாற்காலிகளும், பிள்ளைகளுக்குக் கோரைப்பாயும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பாளரும் நேரமும்

நூலகம் அறிவித்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும். மூன்று முறை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிள்ளை நான்காம் முறை வருவதில்லை. எனவே, காலை முதல் இரவு வரை என்று பெரிதாக அறிவிப்பதைவிட, மாலை நாலரை முதல் ஏழு வரை, விடுமுறை நாள்களில் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை என்று நிறைவேற்றக்கூடிய அளவில் அறிவித்து, ஒரு நாளும் தவறாமல் திறப்பது மேல்.

பொறுப்பாளராக உள்ளூரில் திருமணமாகித் தங்கிவிட்ட, படித்த பெண் ஒருவர் கிடைத்தால் அதைவிடப் பொருத்தமில்லை. கல்லூரி முடித்த இளைஞர்கள் ஆர்வத்தோடு வருவார்கள். ஆனால் வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021-இல் தொடங்கியபோது மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளுக்குக் கற்பித்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் இத்தகைய பெண்களே. உங்கள் ஊரில் அந்த அனுபவமுள்ளவர் யார் என்று விசாரியுங்கள். சேவை என்று சொல்லி ஊதியமின்றி வேலை வாங்காதீர்கள். மாதம் தவறாத ஊதியமே திறக்கும் நேரத்தையும் தவறாமல் காக்கும். அவருக்கு உடல்நலம் இல்லாத நாளில் திறக்க, இரண்டாமவர் ஒருவரையும் தொடக்கத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

வாசிக்க விரும்பும் பெண்கள் பலரால் மாலையில் வர இயலாது. அது சமையல் நேரம். அவர்களுக்கு வாரம் ஒருநாள் பிற்பகலில் திறக்கலாம். அல்லது மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் இடத்துக்கே ஒரு பை நிறைய நூல்களை எடுத்துச் செல்லலாம். நூல் ஆளைத் தேடிச் செல்வது நமக்குப் புதியதன்று. 1931-இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பிய நூலகத்தைத் தொடங்கி வைத்தவர், சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலுக்கே தந்தையான எஸ். ஆர். அரங்கநாதன். இன்று ஒரு மிதிவண்டியும் துணிப்பையும் அந்த வேலைக்குப் போதும்.

மாதச் செலவுக்கு வழி

தொடக்க விழாவுக்குப் பணம் தருவோர் பலர்; பதினான்காம் மாதத்து மின் கட்டணத்துக்குத் தருவோர் சிலரே. எனவே மாதச் செலவை முதலில் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, பொறுப்பாளருக்கு 6,000 ரூபாய், நாளிதழ்களும் இதழ்களும் 600, மின்சாரம் 400, புதிய நூல்கள் 1,500, பழுதுபார்ப்பும் சில்லறைச் செலவும் 500 என்றால் மாதம் 9,000 ரூபாய் ஆகிறது. மாதம் 150 ரூபாய் தரும் 60 பேர் இருந்தால் நூலகம் நடக்கும். ஒரே செல்வரிடம் பெறும் ஒரு லட்சத்தைவிட இந்த 60 பேர் வலுவான அடித்தளம்; பத்துப் பேர் விலகினாலும் கதவு மூடப்படாது. ஓராண்டுச் செலவை வங்கியில் வைத்துக்கொண்ட பிறகு தொடங்குவது நல்லது.

வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களே பெரிதும் கைகொடுப்பவர்கள். இதில் சட்டம் சார்ந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளுங்கள். வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பும் பணம், அவர் உங்கள் சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இவ்விரண்டும் இல்லாத சங்கம் அதை ஏற்கவே கூடாது.

ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். மாத வரவு செலவை நூலக வாசலில் தாளில் எழுதி ஒட்டுங்கள். சந்தேகம் எழுந்த பிறகு விளக்கம் சொல்வதைவிட, எழாமல் பார்த்துக்கொள்வது எளிது.

நூல்களைத் தேர்ந்தெடுத்தல்

நூல் நன்கொடை வேண்டும் என்று அறிவித்தால் மூட்டை மூட்டையாக வரும். அவற்றில் பாதிக்கு மேல் காலங்கடந்த தேர்வு வழிகாட்டிகளும், நிறுவன ஆண்டறிக்கைகளும், கரையான் அரித்த தொகுதிகளுமாக இருக்கும். வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமை நூலகத்துக்கு உண்டு என்று முன்னரே சொல்லிவிடுங்கள். நாம் வேண்டாமென்று ஒதுக்கியது ஊர்ப் பிள்ளைக்குப் போதும் என்ற எண்ணத்தை இந்த ஓர் இடத்திலாவது அனுமதிக்கக் கூடாது.

முதல் 500 நூல்களில் பாதி சிறுவர்களுக்கானவையாக இருக்கட்டும். பக்கத்துக்கு ஒரு படமும் இரண்டு வரிகளும் கொண்ட மெல்லிய நூல்கள்தாம் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு வேண்டியவை. அறநூல் உரைகளைக் காட்டி அப்பிள்ளையை அச்சுறுத்தாதீர்கள். நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல் வரிசை, பிரதம் புக்ஸ் ஆகியவை குறைந்த விலையில் இத்தகைய நூல்களை வெளியிடுகின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலுள்ள தமிழ்க் கதைகளைத் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளவும் உரிமம் அனுமதிக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ மாத இதழுக்கு உறுப்பினர் தொகை கட்டிவிடுங்கள்.

இளைஞர்களை அழைத்து வருபவை போட்டித் தேர்வு நூல்கள். அரசுப் பணிக்கான தொகுதி 4 (குரூப் 4) தேர்வு, காவலர் தேர்வு ஆகியவற்றுக்குப் படிப்போர் முதலில் தேடுவது ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான அரசுப் பாடநூல்களை. அவற்றில் இரண்டு முழுத் தொகுப்புகள் வாங்கி, வெளியே எடுத்துச் செல்லாமல் உள்ளேயே படிக்க வையுங்கள். பெரியவர்களுக்கு நாளிதழ் போதும் என்று நினைக்க வேண்டாம். நாவல், வரலாறு, வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகியவற்றை அவர்கள் விரும்பிப் படிப்பார்கள். மொத்தக் கொள்முதலைப் புத்தகக் கண்காட்சிக் காலத்தில் வைத்துக்கொண்டால் தள்ளுபடி கிடைக்கும். நூலகத்துக்கு என்று கடிதத்தோடு சென்று கேட்டால் பதிப்பகங்கள் கூடுதலாகவும் தருவதுண்டு.

நூல்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். 1931-இல் அரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. ஆறு வயதுப் பிள்ளை கைநீட்டி எடுக்கும் உயரத்தில், அட்டை முகம் தெரியும்படி படக்கதைகளைச் சாய்த்து வையுங்கள். சில கிழியும், சில திரும்பி வராது. அதற்கென்றே ஆண்டுச் செலவில் ஒரு தொகையை ஒதுக்கிவிட்டால் மனம் கலங்காது.

பதிவேடுகளும் பாதுகாப்பும்

சேர்க்கைப் பதிவேடு, உறுப்பினர் பதிவேடு, வழங்கல் பதிவேடு, வருகைப் பதிவேடு என நான்கு நோட்டுகள் போதும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தொடரெண் கொடுத்து, தலைப்புப் பக்கத்திலும் உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் (25-ஆம் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்) முத்திரையிட்டு எண்ணை எழுதுங்கள். முதல் பக்கம் கிழிந்துபோனாலும் நூல் யாருடையது என்பது தெரியும். பகுப்பு முறையில் சிக்கல் வேண்டாம். சிறுவர், கதை, பாடம் மற்றும் தேர்வு, அறிவியல், வரலாறு, வேளாண்மை என்று பிரித்து, முதுகில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத் தாளை ஒட்டினால் படிக்கத் தெரியாத பிள்ளையும் நூலைத் திருப்பி உரிய இடத்தில் வைக்கும். நூல்கள் இரண்டாயிரத்தைத் தாண்டும்போது கோஹா போன்ற கட்டற்ற நூலக மென்பொருளுக்கு மாறலாம்.

கரையானும் இராமபாணப் பூச்சியும் ஈரமும்தான் நூலின் எதிரிகள். இரும்பு அடுக்குகளைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கட்டும். அடுக்குக்குள் காற்று போக வேண்டும் என்பதால் நூல்களை நெருக்கி அடைக்காதீர்கள். அட்டை ஒட்ட மைதாப் பசை காய்ச்சும்போது புத்தகம் கட்டுவோர் சிறிது மயில்துத்தம் சேர்ப்பார்கள், பூச்சி அண்டாது. மயில்துத்தம் நஞ்சு, ஆகையால் பிள்ளைகளின் கையில் படாதபடி பெரியவர்களே அதைச் செய்ய வேண்டும். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து தட்டுகளின் மூலைகளில் வைப்பது எளிய வழி. ஐப்பசி மழை தொடங்குமுன் ஒவ்வோர் ஆண்டும் எல்லா நூல்களையும் இறக்கித் துடைத்து, பதிவேட்டோடு சரிபார்த்து, சிதைந்தவற்றைக் கழித்துவிடுங்கள்.

கற்றல் மையம்

மாலை வகுப்பைத் தனிப்பயிற்சி வகுப்பாக மாற்றிவிட வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். வீட்டுப்பாடத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். மீதி நேரத்தை வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்பு நூலைத் தடுமாறிப் படிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை வகுப்பின்படி உட்கார வைக்காமல், வாசிக்கும் திறத்தின்படி எழுத்து அறிவோர், சொல் படிப்போர், வரி படிப்போர், கதை படிப்போர் என்று சிறு குழுக்களாக்குங்கள். பொறுப்பாளர் நாள்தோறும் பதினைந்து நிமிடம் ஒரு கதையை உரக்கப் படிக்க வேண்டும். எழுத்தின் மேல் விரல் வைத்துப் பின்தொடரும் பிள்ளை, அடுத்த நாள் அதே நூலைத் தேடி எடுத்துத் தானே படித்துப் பார்க்கும். கேட்டு மனத்தில் நின்ற கதை, தெரியாத எழுத்தை ஊகிக்கத் துணை நிற்கிறது.

கணினி ஒன்றிரண்டு கிடைத்தால் நன்று. இல்லையென்று தொடங்காமல் இருக்க வேண்டாம். இணைய இணைப்பு நிலையில்லாத ஊரில் கிவிக்ஸ் செயலி வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவை இணையமின்றியே பார்க்க முடியும். மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் வெளியிட்டுள்ள மின்னூல்களை ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளின் பாதுகாப்பு விதிகளை எழுத்தில் வையுங்கள். வகுப்பு நேரத்தில் கதவு திறந்தே இருக்க வேண்டும்; பெரியவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு அறையில் இருக்கக் கூடாது; வெளியூர்த் தன்னார்வலர் யாராயினும் குழுவுக்குத் தெரியாமல் வரக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்கட்டும்.

கட்டடம்

இவ்வாறு இரண்டு ஆண்டுகள் நடந்த பிறகு சொந்தக் கட்டடம் பற்றி யோசியுங்கள். வருகைப் பதிவேடும் ஒட்டப்பட்ட கணக்குத் தாள்களும் கையில் இருந்தால், ஊராட்சி நிதி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, நமக்கு நாமே திட்டம் என எங்கு சென்று கேட்டாலும் உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.

நிலத்தில் அவசரப்படாதீர்கள். புறம்போக்கு நிலம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் வகைப்பாட்டைப் பாருங்கள்; ஏரி, குளம், வாய்க்கால் என்று பதிவான நீர்நிலைப் புறம்போக்கில் கட்டினால், நீர் வற்றி எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், ஒருநாள் இடிக்க வேண்டிவரும். தனியார் தரும் நிலமென்றால் சங்கத்தின் பெயரில் தானப் பத்திரம் பதிவு செய்து பட்டாவும் மாற்றிய பிறகே கடைக்கால் தோண்டுங்கள். தந்தையார் வாய்ச்சொல்லாகக் கொடுத்த இடத்தை, பாகப்பிரிவினையின்போது பிள்ளைகள் திருப்பிக் கேட்பது வழக்கமாக நடப்பது.

தரைமட்டம் ஊரில் கடந்த பெருமழைக்கு நீர் நின்ற உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். தகரக் கூரை வேண்டாம். சித்திரை வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு அதன் கீழ் ஒருவரும் உட்கார முடியாது, கோடை விடுமுறையோ பிள்ளைகள் மிகுதியாக வரும் காலம். ஓடு, அல்லது மேலே வெப்பத் தடுப்பு ஓடு பதித்த காங்கிரீட் தளம் நல்லது. சன்னல்களை எதிரெதிராக வையுங்கள்; அடுக்குகளின் மேல் நேரடி வெயில் விழாதபடி வடக்கிலும் தெற்கிலும் அமைந்தால் சிறப்பு. வாசலில் படிக்கட்டோடு சாய்தளமும், முன்புறம் பத்தடி அகலத்தில் ஒரு திண்ணையும் வேண்டும். நாளிதழ் படிக்கும் முதியவர்களும், உள்ளே வரத் தயங்கும் புதியவர்களும் முதலில் உட்காரும் இடம் அதுதான். கழிப்பறையைக் கட்டட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு கட்டலாம் என்று தள்ளிய கழிப்பறைக்குப் பணம் மிஞ்சுவதில்லை. மின் இணைப்பும் வரி விதிப்பும் தனியொருவர் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரிலேயே இருக்கட்டும்; மழைக்கால மின்வெட்டுக்கு ஓர் இன்வெர்ட்டரும் மின்கலமும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.